சந்தா கட்டிய தேசமும் நெம்மேலிக் குப்பமும்

வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார். "ஏன் தம்பி, தமிழ்ல பெரிய படிப்பு படிச்சவன்னு சொல்றாங்க உன்ன. மூணு வருசத்துக்கு முன்ன காலேஜு பசங்க சில பேரு வந்து எங்களாண்ட கேட்டு கேட்டு எழுதிகினு போனாங்க. மண்ணு எப்ப அரிச்சுது, கல்லு கொட்டறதுக்கு முன்ன கரை எங்க இருந்துச்சு, எத்தினி வூடு போச்சு, எல்லாம் சொன்னோம். அது இன்னா ஆச்சு? புக்கு போட்டாங்களா?"

நெம்மேலிக் குப்பத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இங்கே 2013இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் இரண்டாவது ஆலை, பதினைந்து கோடி லிட்டர். தண்ணீர் சென்னைக்குப் போகிறது. உப்பு கூடிய கழிவுநீர் கடலுக்கே திரும்புகிறது. ஆலை வந்த பிறகுதான் கரை அரிப்பு கூடியது என்று நெம்மேலிக் குப்பத்தாரும் சூளேரிக்காட்டுக் குப்பத்தாரும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இல்லை என்று சொல்லவும் ஆமாம் என்று சொல்லவும் தேவைப்படுகிற ஆவணங்கள் எல்லாம் வேறெங்கோ இருக்கின்றன. அரிப்பு மட்டும் இங்கே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து தேடினேன். அவர் சொன்னது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிய ஒரு கட்டுரை அகப்பட்டது. அகப்பட்டது என்பதுகூடத் தப்பு. தலைப்பும், எழுதியவர்கள் பெயரும், ஒரு சுருக்கமும், ஒரு விலையும் அகப்பட்டன. கட்டுரை அகப்படவில்லை. விமர்சகன் என்கிற முறையில் எனக்கு வாசிக்கக் கிடைத்த பிரதி அந்த ஒரு பக்கம்தான். ஆகவே அதையே வாசிக்கிறேன். பிரதி இல்லாத இடத்தில் அதன் வாசற்படியை வாசிப்பதில் தவறில்லை.

சுருக்கத்தில் எழுவாய் கிடையாது. 'ஆராயப்பட்டது', 'அளக்கப்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்கிற வாக்கியங்கள். குப்பம் 'ஆய்வுப் பகுதி' ஆகிவிடுகிறது. பெரியவரும் அவருடைய சகாக்களும் 'உள்ளூர் மீனவர்கள்' என்று இரண்டு சொல்லுக்குள் அடங்கிப் போகிறார்கள். சொன்னவன் பெயர் தொலைந்து, கேட்டு எழுதியவன் பெயர் மட்டும் மேலே நிற்கிறது. இதற்குக் கீழே விலை, டாலரில். முப்பது டாலருக்கு மேல். நம் கணக்கில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். விலைக்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தான்: உங்கள் நிறுவனம் வழியாக நுழையுங்கள் என்கிறது. மொத்தப் பிரதியின் மையம் இந்தப் பொத்தான்தான் என்பது என் வாசிப்பு. விலை அச்சுறுத்துவதற்காக வைத்தது, அந்த விலையைக் கொடுத்துத் தனியாள் யாரும் வாங்கப் போவதில்லை என்பது விற்பவனுக்கே தெரியும். 'நீ எந்த நிறுவனம்?' என்பதுதான் கேள்வி. எனக்கு நிறுவனம் இல்லை. எம்.ஏ. முடித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. பிழைப்புக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். அந்தப் பக்கத்தின் சொல்லாடலில் நான் ஒரு 'விருந்தாளி'. விருந்தாளிக்குச் சோறு கிடையாது, மணம் மட்டும் காட்டுவார்கள்.

அறிவு உற்பத்தி, அறிவு உற்பத்தி என்று நாம் முப்பது வருடமாக எழுதிக் கொண்டிருக்கிறோமே, அதைக் கொஞ்சம் சரக்கு உற்பத்தியாகவே பார்க்கலாம். ஆய்வாளருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? பெரும்பாலும் அரசு, அதாவது வரி கட்டுகிற ஜனங்கள். ஆய்வுக்கான நல்கையும் அங்கிருந்தே. கட்டுரை எழுதினவருக்கு இதழ் சல்லிக்காசு தருவதில்லை. சரிபார்க்கிற சக ஆய்வாளர்களும் இலவசமாகவே உழைக்கிறார்கள். பிறகு அந்தக் கட்டுரையை அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் சந்தா கட்டி வாங்குகிறது, மறுபடியும் ஜனங்களின் காசு. கச்சாப் பொருள் இனாம், உழைப்பு இனாம், வாங்குகிறவன் அரசாங்கம். இப்படி ஒரு வியாபாரம் அமைந்தால் லாபம் எப்படி இருக்கும்? எல்சேவியர் போன்ற பதிப்பகங்களின் லாப விகிதம் முப்பது விழுக்காட்டைத் தாண்டி நிற்பதில் ஆச்சரியமே இல்லை. குப்பத்தில் மீனை இனாமாக வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, பிடித்தவனிடமே கிலோ மூவாயிரத்துக்கு விற்கிற வியாபாரி ஒருவன் இருந்தால் அவனை என்ன செய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சுவரை ஏறிக் குதிப்பது நமக்குப் புதிதல்ல. எனக்கு மூத்த தலைமுறை ஃபூக்கோவையும் தெரிதாவையும் அல்தூசரையும் எதில் படித்தது? ஜெராக்ஸில். யாரோ ஒருவர் டெல்லியிலோ சென்னையிலோ ஒரு நூலகத்திலிருந்து புத்தகத்தைக் கொண்டு வருவார். இரவோடிரவாகப் பிரதியெடுத்து ஸ்பைரல் போட்டு, மதுரைக்கும் புதுச்சேரிக்கும் கோவைக்கும் போகும். ஓரத்தில் வரிகள் வெட்டுப்பட்டு, நாலாவது கைக்கு வரும்போது எழுத்து மங்கிப்போன அந்தக் கட்டுகளில் இரண்டு என்னிடமும் இருக்கின்றன. தமிழில் பின்நவீனத்துவம் என்று ஒன்று நடந்ததென்றால் அது ஜெராக்ஸ் கடைக்காரர்களின் தயவில் நடந்தது. நம்முடைய கோட்பாட்டு விவாதங்களின் பொருளாதார அடித்தளத்தைப் பற்றி யாரும் எழுதாததற்குக் கூச்சம் காரணமாக இருக்கலாம்.

ஜெராக்ஸ் கடையையே நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், பாடம் நடத்துவதற்காகப் பிரதியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. பதிப்புரிமை இயற்கையான, தெய்வீகமான உரிமை ஒன்றுமில்லை என்கிற தொனி அந்தத் தீர்ப்பில் இருந்தது. நம் பக்கம் வந்த அபூர்வமான தீர்ப்பு. அடுத்தது அப்படி இல்லை. 2020 டிசம்பரில் எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் சை-ஹப் மீது அதே டெல்லியில் வழக்குத் தொடுத்தன. அலெக்சாந்திரா எல்பாக்கியான் என்கிற கஜக்ஸ்தான் பெண் 2011இல் தொடங்கிய அந்தக் களஞ்சியம்தான் நிறுவனம் இல்லாத என் போன்றவர்களுக்கெல்லாம் நூலகமாக இருந்தது. 2025 ஆகஸ்டில் அதை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜெராக்ஸ் கடைக்குக் கிடைத்த நியாயம் கஜக்ஸ்தான் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. வகுப்பறை என்கிற நிறுவனத்தின் நிழலில் நின்றால் பிரதியெடுக்கலாம், தெருவில் நின்றால் திருட்டு என்பதாக இரண்டையும் சேர்த்து வாசிக்க இடமிருக்கிறது. வக்கீல் நண்பர்கள் இந்த வாசிப்பை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

அரசு சும்மா இருக்கவில்லையே, 'ஒரே நாடு ஒரே சந்தா' கொண்டுவந்து விட்டதே என்று ஒரு நண்பர் கேட்டார். தோழர்களில் சிலரும் இதை வரவேற்றிருக்கிறார்கள். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அரசுக் கல்லூரி மாணவி ஐ.ஐ.டி. மாணவன் படிக்கிற அதே இதழைப் படிக்க வழி ஏற்படுகிறதென்றால் அது சின்ன விஷயமில்லை. அதைக் கேலி செய்கிற உரிமை, எல்லா இதழும் படிக்கக் கிடைத்தவர்களுக்கு இல்லை. ஆனாலும் தலைப்பைப் பாருங்கள். 'ஒரே நாடு' என்கிறது. அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்? பட்டியலில் உள்ள கல்லூரியின் காம்பவுண்டுக்குள் இருக்கிறவர்கள். முதற் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இல்லை. பள்ளி ஆசிரியர் இல்லை. பத்திரிகைக்காரர் இல்லை. சுற்றுச்சூழல் வழக்கு நடத்துகிறவர் இல்லை. தனியாக கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் இல்லை. நெம்மேலியில் அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்கிருந்து குப்பத்துக்கு நடந்தே வந்துவிடலாம். இந்தத் திட்டத்தின் வரைபடத்தில் நாட்டின் எல்லை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓடுகிறது.

இன்னொன்று, 'சந்தா' என்கிற சொல். இது வாடகை. 6,000 கோடி கொடுத்து மூன்று வருடம் வாசிக்கலாம். நான்காம் வருடம் மறுபடியும் பேரம். இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்காரனுக்கு ஞாபகம் வர வேண்டியது வேறொரு சொல்: நாட்டுடைமை. 1949இல் பாரதியின் எழுத்துக்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு விலை கொடுத்து வாங்கி, பிறகு யாரும் அச்சிடலாம் என்று பொதுவில் விட்டது. உரிமை தனியார் கையில் இருக்கக் கூடாது என்று நாடகக்காரர்களும் எழுத்தாளர்களும் தெருவில் பேசி, எழுதி, நெருக்கிய பிறகுதான் அது நடந்தது. அதற்கப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் ஆக்கங்களை, வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கொடுத்து, தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. ஒரே ஒரு தடவை கொடுக்கிற தொகை. அதன்பின் சுவர் கிடையாது, பொத்தான் கிடையாது, 'நீ எந்த நிறுவனம்' கிடையாது. டீக்கடைக்காரரும் எடுத்து அச்சுப் போடலாம்.

நாட்டுடைமையில் குற்றம் குறை உண்டு. தொகை சொற்பம் என்ற முணுமுணுப்பு உண்டு. நாட்டுடைமை ஆனதும் பிழை மலிந்த மலிவுப் பதிப்புகள் சந்தையில் குவிவதை, மெய்ப்புத் திருத்துகிறவனாகத் தினமும் பார்க்கிறேன், ரத்தம் கொதிக்கிறது. ஆனால் கொள்கையளவில் யோசியுங்கள். கவிதையை வாங்கிப் பொதுவில் விடத் தெரிந்த அரசியலுக்கு, கடலரிப்பைப் பற்றிய கட்டுரையை வாங்கிப் பொதுவில் விடத் தோன்றவில்லையே, ஏன்? அதுவும் தன் காசில் எழுதப்பட்ட கட்டுரையை. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே, தங்கள் நல்கையில் நடக்கும் ஆய்வுகளின் கட்டுரைப் படியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தன. காகிதத்தில் நல்ல கொள்கை. அதை நடத்திக் காட்டியிருந்தால் 6,000 கோடிப் பேரத்தில் நம் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும்.

இதையெல்லாம் சொல்லும்போது, 'திறந்த அணுக்கம்' என்று ஒரு மந்திரத்தை உச்சரித்தால் சுவர் விழுந்துவிடும் என்று நினைக்கிறவர்களோடும் எனக்கு மாறுபாடு உண்டு. 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் வந்தபோது அதில் ஒரு விடுதலைக் கனவு இருந்தது. பெரும் பதிப்பகங்கள் அந்தக் கனவையும் கல்லாப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டன. வாசகனிடம் வாங்காதே, எழுதுகிறவனிடம் வாங்கு. 'நேச்சர்' இதழில் கட்டுரையைத் திறந்து வைக்க 2021இல் வைத்த கட்டணம் 9,500 யூரோ, எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். சுவர் இடிபடவில்லை. வாசலிலிருந்து பெயர்த்துக் கொல்லைப் பக்கம் கட்டிவிட்டார்கள். முன்பு நம்மால் படிக்க முடியாது, இப்போது நம்மால் எழுத முடியாது.

அந்தப் பெரிய விளையாட்டின் நம்மூர்ப் பதிப்பைத் தமிழ்த்துறைகளில் பார்க்கலாம். இதை எழுதினால் நண்பர்கள் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்தது. பதவி உயர்வுக்கும் மதிப்பெண். உடனே ஐ.எஸ்.எஸ்.என். எண்ணோடு இதழ்கள் முளைத்தன. பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வரும். என்னோடு படித்த ஒரு தோழி தன் உதவித்தொகையில் ஒரு பங்கை இரண்டு கட்டுரைகளுக்கு அழுதாள். குறுந்தொகையைப் பற்றி அவள் எழுதியிருந்த நல்ல கட்டுரையைச் சரிபார்ப்பவர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை, தலைப்பிலேயே அச்சுப்பிழையோடு வந்தது. 2018 மே மாதம் மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. அப்புறம் 'கேர்' பட்டியல் என்றார்கள். 2022இல் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயமில்லை என்றார்கள். 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலே வேண்டாம் என்று விட்டார்கள். தோழி கட்டிய பணம் திரும்பவில்லை. இந்த இதழ்களில் பல யாரும் படிக்கும்படி திறந்துதான் கிடக்கின்றன. படிக்கத்தான் ஆளில்லை. எழுதுகிறவனே பணம் கட்டி, யாருக்காகவும் எழுதாமல், ஒரு எண்ணுக்காக எழுதுகிற எழுத்து திறந்திருந்தால் என்ன, பூட்டியிருந்தால் என்ன?

நம் யோக்கியதையையும் பார்த்துக் கொள்வோம். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் முந்நூறு பிரதி, ஐந்நூறு பிரதி அடித்தோம். பழைய இதழ்கள் சிலருடைய பீரோவில் தூங்குகின்றன. கேட்டால் 'இருக்கு, தேடணும்' என்பார்கள். அந்தத் 'தேடணும்' பல வருடம் நீடிக்கும். சுவடியைத் தர மறுத்து, கரையானுக்குக் கொடுத்தவர்களைப் பற்றி நாம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறோம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர்களும், 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நூலகம் திட்டத்தில் ஏற்றிக் கொண்டிருப்பவர்களும் சந்தா கேட்கவில்லை. 1981இல் நூலகம் எரிந்த யாழ்ப்பாணத்தை நினைவில் வைத்திருக்கிற சமூகம், அடுத்த பிரதி எங்கே இருக்கிறது என்று கேட்கக் கற்றுக் கொண்டது. நாம் இன்னும் பீரோ சாவியைத் தேடிக் கொண்டிருக்கிறோம்.

சுவர் என்றதும் உத்தபுரத்தை இழுக்காமல் இருக்க முடியவில்லை. 1989இல் எழுப்பப்பட்டு 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட அந்தச் சுவரையும் இதையும் ஒன்றென்று சொல்வது சோம்பேறித்தனம். அந்தச் சுவர் பிறப்பைக் கேட்டது, இது காசையும் நிறுவனத்தையும் கேட்கிறது. ஆனால் நிறுவனத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று தொட்டுக் கொள்கின்றன. குப்பத்திலிருந்து கடலியல் ஆய்வுக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

நெம்மேலிக்கு வருகிறேன். இந்தக் கரைக்காரர்களுக்கு நீரோட்டத்துக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. தெண்டி மணலை வடக்கே நகர்த்துகிறது, நடுவில் கல்லைக் கொட்டி மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை பசிக்கும். பெரியவர் இதைக் கையால் மணலில் கோடு கிழித்துக் காட்டிவிட்டார். இதே விஷயம் ஆங்கிலத்தில் சமன்பாட்டோடு வரும்போது அது முப்பது டாலர் பெறுமானம் உள்ளதாகிறது. அவருக்கு அந்தக் கட்டுரை ஏன் வேண்டும்? கடலைத் தெரிந்து கொள்வதற்கு அல்ல. கலெக்டர் ஆபீசில், கருத்துக் கேட்புக் கூட்டத்தில், 'கையால் கிழித்த கோடு' செல்லாது. கட்டுரை செல்லும். தன் வாயால் சொன்னதைத் தானே மேற்கோள் காட்டுவதற்கு அவருக்கு அந்தப் பக்கங்கள் வேண்டும்.

இது நடக்க முடியாத காரியமில்லை. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 வாக்கில் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தபோது, வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்தார்கள். அந்த நிறுவனத்தில் இருந்த சுப்பையா அருணாசலம் திறந்த அணுக்கத்துக்காகப் பல பத்தாண்டுகள் வாதாடியவர். என்ன வேடிக்கை பாருங்கள்: அமெரிக்கக் கடற்படையின் தகவல் திறந்திருந்தது, நம்மூர் வரிப்பணத்தில் நம்மூர்க் கரையை அளந்த கட்டுரை பூட்டியிருக்கிறது. திறந்திருந்தது மட்டும் போதவில்லை என்பதும் இதே கதையில் இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து தமிழாக்கி, மைக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை இங்கிலீஷிலும் இந்தியிலும் போட்டுவிட்டுக் கருத்துச் சொல் என்றார்களே, ஞாபகம் இருக்கும். 22 மொழிகளில் பெயர்க்கச் சொல்லி அந்த ஜூன் 30 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மொழியும் ஒரு கட்டணச் சுவர்தான், அதற்கு டாலரில் விலை போடுவதில்லை, அவ்வளவுதான்.

கட்டுரை எழுதிய ஆய்வாளருக்கு ஒரு கடிதம் போட்டேன், மின்னஞ்சலில். மறுநாளே முழுக் கட்டுரையையும் அனுப்பிவிட்டார். கூடவே நாலு வரி. 'தாமதமாகக் கேட்கிறீர்கள், நானே கொண்டு போய்க் காட்டியிருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். நல்ல மனுஷர். இப்படிக் கேட்டால் பெரும்பாலான ஆய்வாளர்கள் கொடுத்துவிடுகிறார்கள், கேட்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வலை பின்னும் கூடத்தில் எட்டு ஒன்பது பேர் முன்னால் அதைத் தமிழில் சொன்னேன். படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். குப்பத்தின் பெயர் வரைபடத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தது, சிரித்தார்கள். கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து எண் போட்டிருந்தார்கள். எந்த எண் யார் வீடு என்று கண்டுபிடிப்பதில் கொஞ்ச நேரம் போனது. பெரியவர் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். கல் கொட்டிய வருடம் தப்பு என்றார். பக்கத்திலிருந்தவர் மறுத்தார். இருவரும் ஒரு கல்யாணத்தை வைத்து, ஒரு புயலை வைத்து, கணக்குப் போட்டு, கடைசியில் தப்புதான் என்று முடிவானது.

"இத அவங்களாண்ட சொல்லணுமே தம்பி. எழுதிப் போடுவியா?"

"போடறேண்ணா. இதழுக்குத்தான் அனுப்பணும்."

"அதுக்கும் துட்டு கேப்பாங்களா?"

தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஆய்வாளருக்கு எழுதியிருக்கிறேன்.